மேய்ச்சல் நிலத்துக்குப் பட்டா கொடுத்தால் மங்கோலிய மேய்ப்பர்கள் பிழைப்பார்களா?

கேட்டவர் எழுதியதைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான்: மங்கோலியாவில் ஒரே குளிர்காலத்தில் லட்சக்கணக்கான ஆடு மாடுகள் செத்துப்போவதாகச் செய்தி வருகிறது. அங்கே மேய்ச்சல் நிலம் யாருக்கும் சொந்தமில்லை. அதனால் ஆளாளுக்கு மந்தையைப் பெருக்கிப் புல்லை மொட்டையடித்துவிட்டார்கள் என்கிறார்கள். நிலத்தை அளந்து, வேலி போட்டு, ஆளுக்கொரு பங்காகக் கொடுத்துவிட்டால் தீராதா?

கேள்வி பட்டாவைப் பற்றியதாகத் தெரிகிறது. ஆனால் அதற்கு அடியில், இந்தச் சாவுகளுக்கு மேய்ப்பவர்களின் பேராசைதான் காரணமா என்ற சந்தேகம் கிடக்கிறது. இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன். நான் கால்நடை மருத்துவம் படித்து, பிறகு மேய்ச்சல் நில மேலாண்மைக்கு வந்தவன். மங்கோலியாவின் நடுப்பகுதியிலும் கோபிப் பாலைவனத்தின் ஓரத்திலும் கால்நடைத் திட்டங்களில் வேலை பார்த்திருக்கிறேன். புல், மந்தை, மேய்ப்பர் குடும்பத்தின் வரவு செலவு ஆகியவற்றைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். சுரங்கமும் நிலத்தடி நீரும் என் துறை இல்லை. அவை வரும் இடத்தில் குரலைத் தாழ்த்திக்கொள்வேன்.

முதலில் நிலத்தின் கணக்கு. மங்கோலியாவின் பரப்பு 15.6 லட்சம் சதுர கிலோமீட்டர். மக்கள் தொகை ஏறத்தாழ 35 லட்சம். அவர்களில் பாதிப்பேர் தலைநகர் உலான்பாத்தரில் இருக்கிறார்கள். மழை வடக்கு மலைகளில் ஆண்டுக்கு 300 மில்லிமீட்டரைத் தாண்டும், தெற்கே கோபியில் 100 மில்லிமீட்டரைச் சுற்றி நிற்கும். புல் வளர்வது ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான மூன்று மாதம். மிச்சமுள்ள ஒன்பது மாதமும் குதிரை, மாடு, ஒட்டகம், செம்மறி, வெள்ளாடு என்ற ஐந்து வகைக் கால்நடைகளும் அந்த மூன்று மாதத்தில் வளர்ந்து, நின்றபடியே காய்ந்த புல்லைத்தான் மேய்கின்றன. வைக்கோல் போர் போட்டு வைத்துத் தீனி கொடுக்கும் பண்ணையை மனத்தில் வைத்துக்கொண்டால் இந்த ஊர் புரியாது. அறுத்துச் சேர்த்த புல் உண்டு. ஆனால் அது நோஞ்சான் ஆட்டுக்கும் சினை ஆட்டுக்கும் எடுத்து வைப்பது. முழு மந்தைக்கும் குளிர்காலம் முழுக்கப் போட எந்தக் குடும்பத்திடமும் புல் இருக்காது.

ஆக, "குளிரில் சாகின்றன" என்பது பாதி உண்மை. மங்கோலியச் செம்மறி மைனஸ் 30 டிகிரியைத் தாங்கும் பிறவி. அது சாவது பெரும்பாலும் பட்டினியால். மேய்ப்பர்கள் இந்தப் பேரழிவை ஸுட் என்கிறார்கள். அதில் வகைகள் உண்டு. பனி ஆழமாகப் பெய்து புல்லை மூடிவிட்டால் வெள்ளை ஸுட். பனியே பெய்யாமல் போனால் கறுப்பு ஸுட். கிணறும் ஓடையும் உறைந்து கிடக்கும் குளிர்காலத்தில் மந்தைக்குப் பனிதான் தண்ணீர் என்பதால் அதுவும் ஆபத்து. பனி சற்று உருகி மறுபடி உறைந்து புல்லின் மேல் கண்ணாடித் தகடு போல் படிந்துவிட்டால் இரும்பு ஸுட். குதிரையின் குளம்புக்குக்கூட அது உடையாது. சாதாரணப் பனியில் குதிரைகளை முன்னால் மேயவிட்டு, அவை கிளறிய இடத்தில் செம்மறியை மேய விடுவார்கள். இரும்பு ஸுட்டில் அந்த உத்தி பலிக்காது.

சாவு எண்ணிக்கை உச்சத்துக்குப் போவது கடுங்குளிரான ஜனவரியில் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். மார்ச்சும் ஏப்ரலும்தான் மோசம். இலையுதிர் காலத்தில் இருந்த எடையில் கால் பங்கு வரை அதற்குள் கரைந்திருக்கும். அந்த நேரத்தில்தான் குட்டி ஈனும் பருவமும் வருகிறது, திடீர்ப் பனிப்புயல்களும் வருகின்றன. எனவே ஸுட்டின் வேர் முந்தைய கோடையில் இருக்கிறது. கோடை மழை பொய்த்தால் கொழுப்பு ஏறாது, கொழுப்பு ஏறாத ஆடு சராசரிக் குளிரிலேயே விழும். வறட்சியும் கடுங்குளிரும் அடுத்தடுத்து வந்த ஆண்டுகளே வரலாற்றில் பெரிய அழிவுகளாகப் பதிவாகியிருக்கின்றன.

அவற்றில் மூன்றைச் சொல்கிறேன். 1999-இல் நாட்டின் மொத்தக் கால்நடை 3 கோடியே 36 லட்சம். தொடர்ந்து மூன்று மோசமான குளிர்காலங்கள் வந்தன. 2002 முடிவில் எண்ணிக்கை 2 கோடியே 40 லட்சத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. பிறகு ஏறி 2009-இல் 4 கோடியே 40 லட்சம் ஆனது. அடுத்த ஒரே குளிர்காலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் போனது. மறுபடி ஏறி 2019-இல் 7 கோடியைத் தாண்டியது. 2023-24 குளிரில் 70 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் இறந்தன. முதல் இரண்டு முறை விழுந்த பிறகும் எண்ணிக்கை முன்பைவிட உயரமாக எழுந்தது. உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு நியாயம் இங்கேதான். மந்தை பெருத்தது உண்மை. அது ஏன் பெருத்தது என்பதில்தான் நான் செய்திகளோடு முரண்படுகிறேன்.

1950-களின் முடிவுக்குள் மேய்ப்பர்கள் அநேகமாக எல்லோரும் நெக்தெல் என்ற கூட்டுப்பண்ணைகளுக்குள் கொண்டுவரப்பட்டார்கள். கால்நடை கூட்டுப்பண்ணையின் சொத்து. குடும்பம் சம்பளத்துக்கு மேய்த்தது. சொந்தமாகச் சில தலைகளே வைத்துக்கொள்ளலாம். அந்த முறையை நான் புகழ மாட்டேன். கட்டாயமும் தண்டனையும் அதன் தொடக்கத்தில் நிறைய இருந்தன. ஆனால் அது சில வேலைகளைச் செய்தது. பருவம் மாறும்போது முகாம் மாற லாரி வந்தது. ஆழ்துளைக் கிணறுகளுக்கு மோட்டாரும் டீசலும் அவற்றைப் பழுது பார்க்க ஆளும் இருந்தன. அவசரத் தீவனக் கிடங்குகள் இருந்தன. கால்நடை மருத்துவர் சம்பளத்துக்கு வந்தார். கம்பளிக்கும் இறைச்சிக்கும் விலை நிர்ணயிக்கப்பட்டிருந்தது. 1990 வரை மொத்தக் கால்நடை இரண்டரைக் கோடியைச் சுற்றியே நின்றதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம்.

1990-91-இல் சோவியத் உதவி நின்றது. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் நெக்தெல்கள் கலைக்கப்பட்டன, கால்நடைகள் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. தொழிற்சாலைகள் மூடியதால் வேலையிழந்த நகரத்து ஓட்டுநர், எழுத்தர், மின்பணியாளர் எல்லோரும் பங்கு கிடைத்த ஆடுகளோடு புல்வெளிக்குத் திரும்பினார்கள். 1990-இல் சுமார் 75,000 ஆக இருந்த மேய்ப்பர் குடும்பங்கள் 2000-இல் 1,90,000 ஆயின. இது சாதாரண எண் இல்லை. உலகில் மற்ற நாடுகளில் மக்கள் மேய்ச்சலைவிட்டு நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்த பத்தாண்டில் மங்கோலியா எதிர்த் திசையில் நடந்தது. அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பசித்து வந்தவர்கள். அவர்களில் பலருக்குத் தூரத்து மேய்ச்சல் தெரியாது. சாலைக்கும் வட்டத் தலைநகருக்கும் பக்கத்திலேயே கூடாரம் போட்டார்கள். 1999-இல் தொடங்கிய ஸுட் முதலில் தின்றது இவர்களின் மந்தைகளைத்தான்.

இதோடு வெள்ளாடு சேர்ந்தது. 1990-இல் 50 லட்சம் அளவில் இருந்த வெள்ளாடுகள் 2019-இல் 3 கோடியை நெருங்கின. காரணம் காஷ்மீர் ரோமம். குளிருக்காக வெள்ளாட்டின் தோலை ஒட்டி வளரும் மெல்லிய அடிமயிரை வசந்தத்தில் இரும்புச் சீப்பால் வாரி எடுக்கிறார்கள். ஒரு ஆட்டுக்கு 250 முதல் 300 கிராம் கிடைக்கும். சீனாவுக்கு அடுத்து உலகில் அதிகம் காஷ்மீர் தருவது மங்கோலியாதான். செம்மறிக் கம்பளிக்கு அடிமாட்டு விலை. இறைச்சியைச் சுலபமாக ஏற்றுமதி செய்ய முடியாது. கோமாரி நோய் திரும்பத் திரும்ப வருவதால் அண்டை நாடுகள் கதவை மூடுகின்றன, வேகவைத்துப் பதப்படுத்திய இறைச்சிக்கு மட்டும் ஓரளவு வழி விடுகின்றன. இப்படியிருக்க, வசந்தத்தில் கையில் ரொக்கம் வரும் ஒரே பொருள் வெள்ளாட்டு மயிர் என்றால் மேய்ப்பர் என்ன வளர்ப்பார்? வெள்ளாட்டைத்தான். அதிலும் பெரும்பங்கு கழுவாத மயிராகவோ கழுவிய மயிராகவோ எல்லை தாண்டிச் சீனாவுக்குப் போகிறது. நூலாகவும் சட்டையாகவும் மாறும்போது கூடும் மதிப்பு மேய்ப்பருக்கும் வருவதில்லை, நாட்டுக்கும் முழுசாக வருவதில்லை.

வியாபாரி தரம் பார்த்து விலை தந்தால் ஆடுகளைக் குறைத்து நல்ல ரகம் வளர்க்கலாம். நான் பார்த்த இடங்களில் மூட்டையை எடைபோட்டு வாங்குவதே வழக்கம். நுண்மையான இழைக்குக் கிடைக்கும் கூடுதல் காசு சொற்பம். எடைக்கு விலை என்றால் தலை எண்ணிக்கை கூடத்தான் செய்யும். வேறு கணக்கு எதற்கும் அங்கே இடமில்லை.

அடுத்தது கடன். இதை வெளியூர்ச் செய்தியாளர்கள் அநேகமாகத் தொடுவதே இல்லை. மேய்ப்பர்களுக்கு வங்கிக் கடன் எளிதில் கிடைக்கிறது, ஈடாகக் கொடுப்பது கால்நடையை. செப்டம்பரில் பள்ளி திறக்கும்போதும், குளிர்காலத்துக்கு மாவும் தீவனமும் வாங்கும்போதும் எடுத்த கடனைக் காஷ்மீர் பருவத்தில் அடைக்கிறார்கள். காஷ்மீர் விலை சரிந்த ஆண்டில், 2008 இறுதியின் உலக நெருக்கடியிலும் 2020-இன் பெருந்தொற்றிலும் நடந்தது போல, கடன் அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்படுகிறது. வங்கி கேட்பதோ "எத்தனை தலை இருக்கிறது?" என்று. மந்தை பெரிதானால் கடன் தகுதியும் பெரிதாகும். இலையுதிர் காலத்தில் பாதி மந்தையை விற்றுவிட்டுக் குறைந்த தலைகளோடு குளிரைக் கடப்பதுதான் புல்லுக்கு நல்லது. ஆனால் அந்தப் பருவத்தில் எல்லோரும் விற்பதால் இறைச்சி விலை தரையில் கிடக்கும். குறைத்துக்கொள்ளுங்கள் என்று உபதேசம் செய்யும் அதிகாரிகளிடம் ஒரு முறையாவது இந்த வரவு செலவைப் போட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியதுண்டு.

இனி, பட்டாவுக்கு வருவதற்கு முன், இடம்பெயர்வு. என் பார்வையில் மொத்த விவகாரத்தின் அச்சு இதுதான். மங்கோலிய மேய்ப்பரின் மிகப் பெரிய சொத்து நிலமும் அன்று, மந்தையும் அன்று. தேவையானபோது கூடாரத்தைக் கழற்றிக்கொண்டு வேறிடம் போக முடிகிற வசதி. கோபியில் ஒரு பள்ளத்தாக்கில் மழை பெய்யும், பத்து கிலோமீட்டர் தள்ளிப் பெய்யாது. அடுத்த ஆண்டு தலைகீழாக இருக்கும். அப்படிப்பட்ட நாட்டில் ஒரே துண்டு நிலத்தில் "சரியான எண்ணிக்கை" என்று ஒன்றைக் கணக்கிடுவதே வீண்வேலை. குளிர், வசந்தம், கோடை, இலையுதிர் என நான்கு முகாம்கள் வழக்கமானவை. அதற்கும் மேல், கோடை முடிவில் மந்தைக்குக் கொழுப்பேற்றவும், ஸுட் வரும்போது தப்பவும், குடும்பத்தில் சிலர் மட்டும் மந்தையோடு தொலைவுக்குப் போவார்கள். அதை ஓதோர் என்கிறார்கள். கீதாரிகள் கிடையோடு வெளியூர் போவதைத் தெரிந்த தமிழ் வாசகருக்கு இது சட்டென்று பிடிபடும்.

குளிர்கால முகாமைக் கோடையில் ஒருவரும் மேய்க்கக் கூடாது. அங்கே உள்ள புல் குளிருக்கென்று நிற்க வேண்டும். மலையின் தென்சரிவில், காற்று படாத மடிப்பில், ஆண்டாண்டாகப் படிந்து இறுகிய சாணத் தரையோடு பட்டி இருக்கும். அந்தச் சாணப் படுக்கைதான் இரவில் மந்தைக்குக் கதகதப்பு. அதை வெட்டி அடுக்கிச் சுவராகவும் எழுப்புவார்கள். மரமில்லாத புல்வெளியில் மாட்டின் உலர்ந்த சாணமே அடுப்புக்கு எரிபொருள். இப்படி ஒரு முகாம் உருவாகப் பல ஆண்டுகள் ஆகும். அதனால் அதை யார் பயன்படுத்துவது என்பது அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

அந்த இடம்பெயர்வு சுருங்கிவிட்டது. லாரி வாடகையும் பெட்ரோலும் குடும்பத்தின் தலையில் விழுந்தன. பராமரிப்பில்லாமல் கிணறுகள் செத்தன. கிணறு செத்தால் அதைச் சுற்றியுள்ள நல்ல புல்லும் பயன்படாமல் போகும், உயிரோடுள்ள கிணற்றைச் சுற்றி மந்தைகள் குவியும். 2008 முதல் ஆறு வயதில் பள்ளி தொடங்குகிறது. ஆறு வயதுக் குழந்தையை விடுதியில் விட மனமில்லாத தாய் குளிர்காலம் முழுக்க வட்டத் தலைநகரில் வீடெடுத்துத் தங்குகிறாள், தந்தை முகாமில் தனியாக மந்தையோடு இருக்கிறார். இரண்டு குடித்தனச் செலவு ஒரு பக்கம். பனிப்புயலில் மந்தையைத் திருப்ப இரண்டாவது ஆள் இல்லாத நிலை இன்னொரு பக்கம். பள்ளியைக் குறை சொல்லவில்லை. எழுத்தறிவில் மங்கோலியா பல பணக்கார நாடுகளுக்கு நிகராக நிற்பது அந்த விடுதிப் பள்ளிகளால்தான். ஆனால் மேய்ச்சல் நிலச் சீரழிவைப் பற்றிய அறிக்கைகளில் பள்ளி விடுதியின் தரம் ஒரு காரணியாக வருவதில்லை, வர வேண்டும்.

இப்போது பட்டா. 1992 அரசியல் சட்டம் மேய்ச்சல் நிலத்தைத் தனியார் உடைமையாகத் தருவதை வெளிப்படையாக விலக்குகிறது. 2002 நிலச் சட்டம் குளிர், வசந்த முகாம்களுக்கு மட்டும் அனுபவ உரிமைச் சான்று தர வழி செய்தது. அதாவது பட்டி இருக்கும் இடத்துக்கு உரிமை உண்டு, சுற்றியுள்ள புல்லுக்குச் சட்டப்படி உரிமை தெளிவாக இல்லை. மேய்ச்சல் நிலத்துக்கெனத் தனிச் சட்டம் கொண்டுவரும் முயற்சிகள் பல முறை வரைவோடு நின்றன. "பொது நிலம் அழிந்தே தீரும்" என்ற வாதத்தை 1968-இல் காரெட் ஹார்டின் எழுதிய கட்டுரை உலகம் முழுக்கப் பரப்பியது. அவர் கற்பனை செய்த புல்வெளியில் மேய்ப்பவர்கள் ஒருவரோடொருவர் பேசுவதே இல்லை. மங்கோலியப் புல்வெளியில் பேசிக்கொள்கிறார்கள், சண்டையும் போட்டுக்கொள்கிறார்கள். யார் முதலில் இறங்குவது, யார் எப்போது கிளம்புவது, ஸுட்டில் ஓடிவரும் அயலாருக்கு எவ்வளவு நாள் இடம் கொடுப்பது என்பதற்கெல்லாம் வழக்கம் இருந்தது. 1990-களில் கூட்டம் பெருகி, தீர்ப்புச் சொல்லும் அமைப்பும் போனபோது அந்த வழக்கம் நைந்தது. எனவே அங்கே இருப்பது ஒழுங்குமுறை தேய்ந்த பொது நிலம். ஹார்டின் சொன்ன, யாரும் கேட்க நாதியில்லாத நிலம் வேறு.

வேலி போட்டுப் பார்த்த அனுபவமும் பக்கத்திலேயே இருக்கிறது. எல்லைக்குத் தெற்கே சீனாவின் உள் மங்கோலியாவில் 1980-கள் முதல் மேய்ச்சல் நிலத்தின் பயன்பாட்டு உரிமையைக் குடும்பவாரியாகப் பிரித்துக் கொடுத்தார்கள், வேலிகள் வந்தன. ஒரே வகை நிலம், ஒரே மொழி பேசும் மேய்ப்பர்கள், எல்லையின் இருபுறமும் வேறு வேறு ஆட்சிமுறை. இதைவிடத் தெளிவான ஒப்பீடு ஆய்வாளருக்குக் கிடைக்காது. 1998-இல் மானுடவியலாளர் டேவிட் ஸ்னீத் வெளியிட்ட ஒப்பீட்டில், இடம்பெயர்வு எஞ்சியிருந்த மங்கோலியாவில் சீரழிவு குறைவாகவும், நிலையான குடியேற்றமும் பிரிப்பும் நடந்த சீன, ரஷ்யப் பக்கங்களில் மிக அதிகமாகவும் இருந்தது. பொதுவளங்களை மக்கள் தாமே ஆள்வது பற்றிய ஆய்வுக்காக 2009-இல் நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம் இந்த ஒப்பீட்டை எடுத்தாண்டிருக்கிறார். துண்டுபட்ட நிலத்தில் உன் துண்டில் மழை பெய்யாவிட்டால் உனக்குப் போக்கிடமில்லை. தீவனத்தை விலைக்கு வாங்க வேண்டும் அல்லது அடுத்தவர் துண்டை வாடகைக்கு எடுக்க வேண்டும். உள் மங்கோலியாவில் இரண்டும் நடக்கின்றன, பணமுள்ளவர் தப்புகிறார். அந்த ஒப்பீடு 1990-களின் நிலவரம் என்பதை மறக்கக் கூடாது. அதற்குப் பிறகு மங்கோலியாவின் மந்தை இரண்டு மடங்குக்கும் மேல் பெருகிவிட்டது, இடைவெளி சுருங்கியிருக்கும். என்றாலும், குடும்பவாரி வேலி மங்கோலியாவின் வறண்ட பகுதிகளுக்கு ஒத்துவராது என்பதைத் தயங்காமல் சொல்வேன். வடக்கில் மழை அதிகமுள்ள, புல் அறுக்கும் பள்ளத்தாக்குகளில் சிறு பரப்பை வேலியிட்டுக் காப்பது வேறு விஷயம். அது பயன் தருகிறது.

புல் எந்த அளவு கெட்டிருக்கிறது, யாரால் கெட்டது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்றும் ஒருமித்த கருத்தில்லை. நாட்டின் நிலத்தில் முக்கால் பங்கு ஏதோ ஓர் அளவில் சீரழிந்துள்ளது என்று அதிகாரபூர்வ மதிப்பீடு சொல்கிறது. அந்த முக்கால் பங்கில் லேசாக மாறிய நிலமும் அடக்கம், பாலையாகவே ஆகிவிட்ட நிலமும் அடக்கம். மேய்ச்சல் நிலக் கணிப்புகள் பாதிக்கும் மேற்பட்ட இடங்களில் தாவரக் கலவை மாறியிருப்பதைக் காட்டுகின்றன, அதோடு அவற்றில் பெரும்பகுதி ஓய்வு கொடுத்தால் சில ஆண்டுகளில் மீளும் என்றும் சொல்கின்றன. செயற்கைக்கோள் படங்களை வைத்து மந்தையே முதன்மைக் காரணம் என்று சொன்ன ஆய்வுகள் உண்டு. மழையின் ஏற்ற இறக்கமே புல்லைத் தீர்மானிக்கிறது, மந்தை அதன் பின்னால் ஓடுகிறது என்று சொல்பவையும் உண்டு. களத்தில் நான் பார்த்தது இரண்டுக்கும் நடுவில். மழை ஓரளவு சீராக உள்ள புல்வெளியில் மந்தையின் அழுத்தம் கண்ணுக்குத் தெரிகிறது: நல்ல புல் போய், ஆடு தொடாத செடிகள் ஏறுகின்றன, குட்டைப் புல்லை விரும்பும் பிராண்ட் என்ற வகை வயலெலிகள் பெருகி நிலத்தைத் துளைக்கின்றன. கோபியில் மழையின் கை ஓங்கியிருக்கிறது. வெள்ளாடு வேரோடு பிடுங்குகிறது என்ற பரவலான குற்றச்சாட்டை முழுதாக ஏற்க என்னால் முடியவில்லை. அதே எடைக்கு மாடும் செம்மறியும் அதே நிலத்தில் நின்றால் என்ன ஆகும் என்பதோடு ஒப்பிடாமல் அந்தக் குற்றச்சாட்டைச் சொல்கிறார்கள். இன்னொன்று: மங்கோலியக் கணக்கில் ஒரு குதிரை 7 செம்மறிக்கும், ஒரு மாடு 6 செம்மறிக்கும், ஒரு வெள்ளாடு 0.9 செம்மறிக்கும் சமம். தலை எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பயப்படுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

காலநிலை பற்றிய ஒன்றில் சந்தேகமில்லை. 1940 முதல் மங்கோலியாவின் சராசரி வெப்பம் 2 டிகிரிக்கு மேல் உயர்ந்திருக்கிறது, உலகச் சராசரியைவிட வேகமாக. சூடு ஏறினால் குளிர் குறைந்து ஆடு பிழைக்காதா என்று கேட்கலாம். கோடையில் மண்ணின் ஈரம் வேகமாக ஆவியாகிறது, குளிரில் இடையிடையே பனி உருகி உறைகிறது. இரண்டுமே மேலே சொன்ன ஸுட்டுக்கு ஊட்டம். ஸுட் வரும் இடைவெளி நிரந்தரமாகக் குறைந்துவிட்டதா என்பதற்கு இன்னும் நீண்ட பதிவுகள் வேண்டும். அண்மைக் குளிர்காலங்களைப் பார்த்தால் மேய்ப்பர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவே கூச்சமாக இருக்கும்.

சுரங்கத்தைத் தொடாமல் போக முடியாது. தென்கோபியில் ஹன்போக்த் வட்டத்தில் ஓயு தோல்கோய் செம்பு, தங்கச் சுரங்கம் இருக்கிறது. பன்னாட்டுச் சுரங்க நிறுவனமான ரியோ டின்டோ நடத்துகிறது, அரசுக்கு 34 சதவீதப் பங்கு. 2013-இல் திறந்தவெளிக் குழியில் உற்பத்தி தொடங்கியது, 2023-இல் நிலத்தடிச் சுரங்கமும். ஆறு என்ற பெயரில் பெரும்பாலும் மணலாகக் கிடக்கும் உண்டாய், மேய்ப்பர்களுக்குத் தோண்டினால் தண்ணீர் தரும் இடம். சுரங்கத்துக்காக அதன் போக்கு திருப்பப்பட்டது. மேய்ப்பர்கள் உலக வங்கிக் குழுமத்தின் குறைதீர்ப்பு அமைப்புக்கு முறையிட்டார்கள். பல ஆண்டுப் பேச்சுக்குப் பின் 2017-இல் மேய்ப்பர்கள், நிறுவனம், உள்ளூர் நிர்வாகம் ஆகிய முத்தரப்பும் ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டன. தாங்கள் எடுப்பது ஆழத்தில் உள்ள உப்பு நீர், மேய்ப்பர் கிணறுகளோடு அதற்குத் தொடர்பில்லை என்பது நிறுவனத்தின் நிலை. தங்கள் கிணற்றில் மட்டம் இறங்குகிறது என்பது மேய்ப்பர்களின் வாதம். அதில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் அதே தென்கோபியில் உள்ள தாவன் தோல்கோய் சுரங்கத்தின் நிலக்கரியை எல்லைக்குக் கொண்டுபோன லாரிகள் மண்சாலையில் கிளப்பிய தூசி புல்லின் மேல் படிவதும், அறுத்த ஆட்டின் நுரையீரல் கறுத்திருப்பதும் என் துறைக்குள் வரும், அதைப் பார்த்திருக்கிறேன். 2022-இல் ரயில் பாதை திறந்தது, தூசிக்கு அதுவே நல்ல மருந்து. ஆற்றின் தலைப்பகுதிகளில் சுரங்கம் கூடாது என்று 2009-இல் சட்டம் வந்ததற்கு மேய்ப்பர் இயக்கங்களே காரணம். ஒங்கி ஆற்றுக்காகப் போராடிய முன்க்பயார் 2007-இல் கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது பெற்றார். மறுபக்கம், ஸுட்டில் மந்தையை இழந்தவர்கள் பலர் பிழைப்புக்காகத் தாங்களே தங்கம் தோண்டப் போனார்கள். முதுகில் பச்சைச் சட்டியைக் கட்டிக்கொண்டு, கார்ட்டூனில் வரும் நிஞ்ஜா ஆமைகள் போலத் திரிந்ததால் அவர்களுக்கு நிஞ்ஜா என்று பட்டப்பெயர். சுரங்கத்துக்கு எதிரி யார், ஆதரவாளர் யார் என்று ஒரே குடும்பத்துக்குள்ளேயே கோடு கிழிக்க முடியாது.

சமாளிப்பதற்கு என்ன செய்கிறார்கள்? 2006-இல் உலக வங்கி உதவியோடு மூன்று மாகாணங்களில் குறியீட்டுக் காப்பீடு தொடங்கியது, 2012-க்குள் நாடு முழுக்கப் பரவியது. உங்கள் ஆடு எத்தனை செத்தது என்று எண்ணுவதில்லை. உங்கள் வட்டத்தில் அந்த வகைக் கால்நடையின் மொத்தச் சாவு குறிப்பிட்ட சதவீதத்தைத் தாண்டினால் காப்பீடு எடுத்த எல்லோருக்கும் பணம். பொய்க்கணக்குக்கு இடமில்லை. கஷ்டப்பட்டுத் தன் மந்தையைக் காத்தவருக்கும் பணம் வருவதால் உழைப்பு வீணாவதில்லை. நல்ல யோசனை. குறை என்னவென்றால், உங்கள் பள்ளத்தாக்கில் மட்டும் பனி கொட்டினால் வட்டச் சராசரி தாண்டாது, பணம் வராது. வந்தாலும் அது மறுபடி மந்தை வாங்கவோ வங்கித் தவணை கட்டவோ போகிறது.

கடைசி வழி, மிச்ச ஆடுகளை விற்றுவிட்டு உலான்பாத்தருக்குப் போவது. நகரத்தைச் சுற்றிய குன்றுகளில் வேலியடைத்த மனைகளில் கெர் கூடாரங்கள் நிறைந்திருக்கின்றன. குழாயில்லை, கழிவுநீர் வசதியில்லை, அடுப்புக்கு நிலக்கரி. குளிர்காலப் புகையைத் தாங்க முடியாமல் 2017-இல் நகரம் புதுக் குடியேற்றத்துக்கே தடை போட்டது, 2019-இல் பதப்படுத்தாத நிலக்கரிக்குத் தடை வந்தது. ஸுட் நடந்த மறுவருடம் இந்தக் குன்றுகளைப் பார்த்தால் அழிவின் மறுபாதி தெரியும்.

எனக்கு ஓரளவு நம்பிக்கை தருவது மேய்ச்சல் குழுக்கள். ஒரே பள்ளத்தாக்கின் குடும்பங்கள் கூடி, எந்தப் புல்லை எப்போது விடுவது என்று தீர்மானித்து, வட்ட நிர்வாகத்தோடு உடன்பாடு எழுதிக்கொள்வது. சுவிட்சர்லாந்து நிதியுதவியோடும் பிறவற்றோடும் நூற்றுக்கணக்கில் இவை உருவாயின. கிணற்றைச் சேர்ந்து பழுது பார்ப்பது, தீவனத்தைச் சேர்த்து வைப்பது, செய்தி பரிமாறிக்கொள்வது ஆகியவற்றில் பலன் தெளிவு. புல்லில் பலன் அந்த அளவுக்கு நிரூபணமாகவில்லை. சில சூழல் மண்டலங்களில் தெரிகிறது, சிலவற்றில் தெரியவில்லை. திட்டப் பணம் நின்றதும் கலைந்த குழுக்களும் உண்டு. 2021-இல் கால்நடைக்குத் தலைவரி மறுபடி வந்தது. விகிதத்தை உள்ளூர் மன்றம் வைக்கிறது, பணம் மேய்ச்சல் நிலத்துக்கே செலவாக வேண்டும் என்பது விதி. கையில் சில நூறு ஆடுகள் மட்டும் உள்ள குடும்பத்துக்கு அது சுமை. மந்தையை அடுத்தவரிடம் மேய்க்கக் கொடுத்துவிட்டு நகரத்தில் உட்கார்ந்திருக்கும் ஆயிரம் தலைக்காரருக்கு அது தூசு. வரி ஏறுமுகமாக இருந்தால்தான் வேலை செய்யும் என்பது என் கருத்து.

ஆகவே, சட்டம் ஒன்று எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தால் குடும்பத்துக்குத் துண்டு நிலம் தர மாட்டேன். குளிர், வசந்த முகாம்களைச் சுற்றியுள்ள புல்லைக் கோடையில் மேய்ப்பவரைத் தடுக்கும் உரிமையைக் குழுவுக்குக் கொடுப்பேன். கோடை மேய்ச்சலைப் பொதுவாக விடுவேன். மாகாணங்களுக்கிடையே ஓதோருக்கென்று அரசு ஒதுக்கி வைத்துள்ள சேமப் புல்வெளிகளை விரிவாக்குவேன். இந்தக் கடைசி விஷயத்தில் சிக்கல் இருக்கிறது. ஸுட்டில் அயல் மாகாணத்து மந்தை வந்து இறங்கினால் உள்ளூர்க் குடும்பங்கள் சேமித்த புல் போய்விடும். வரவிடாவிட்டால் வந்தவர் மந்தை செத்துவிடும். முன்பு இதை விருந்தோம்பலும் நெக்தெல் அதிகாரியின் உத்தரவும் தீர்த்தன. இப்போது வட்ட ஆளுநர்கள் தொலைபேசியில் பேசி முடிக்கிறார்கள், சில சமயம் முடிவதில்லை. வந்தவர் தரும் கட்டணம் உள்ளூர்க் குழுவுக்கே போகும்படி செய்யலாம் என்று ஒரு யோசனை அங்கே பேசப்படுகிறது. கையில் காசில்லாமல் ஸுட்டிலிருந்து ஓடிவருபவர் அதைக் கட்டுவது எப்படி என்ற இடத்தில் பேச்சு நிற்கிறது. காப்பீட்டுப் பணத்தில் ஒரு பகுதியை ஸுட் உச்சத்துக்கு வருமுன்பே, டிசம்பரிலேயே, இடம்பெயர்வுச் செலவுக்கென்று தந்தால் அந்தப் பேச்சு நகரும் என்று நினைக்கிறேன்.